முப்பத்தொன்றாம் கூடு

சங்கரனுக்குக் கல்யாணமானதிலிருந்து மாமனார் வீட்டில் 'சயின்டிஸ்ட் மாப்பிள்ளை' என்றுதான் பேர். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஏழாவது மாதம் மதுவந்தியைக் கைப்பிடித்தார். "மாப்பிள்ளை விஞ்ஞானியாம், அவரை ஓரத்துல உக்கார வைக்காதீங்கோ" என்று பந்தியில் யாரோ சொன்னதை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சங்கரனும் சிரிப்பார். சிரித்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

அவர் பார்த்த வேலை என்னவோ வேறு. கிண்டிப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. மேஜைக்கு வரும் மாதிரிகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் போட்டார். பிரிவுக்கே தலைவரானார். கையெழுத்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, கடைசியில் ஒரு கொக்கியும் ஒரு புள்ளியுமாக நின்றுவிட்டது.

மதுவந்தி பி.காம். அசோக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி தாங்காமல், ஊரடங்கு வந்த வருஷம் வேலையை விட்டாள். வரும்போது, யாரும் தொடாமல் கிடந்த புத்தகப் பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. காலிப் பக்கங்கள் நிறைய இருந்தன, விட மனசில்லை, அவ்வளவுதான்.

அபிராமபுரத்தில் இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு. மகள் ஹம்சினி புனேயில். அந்த ஏப்ரல் மாதம், பின்பக்க பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே ஒரு குளவி மண்கூடு கட்டத் தொடங்கியது. கொழுக்கட்டையைக் கையால் பிடித்துச் சுவரில் அப்பிய மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அபயாம்பாள் மாமி பார்த்துவிட்டு, கூட்டைக் கலைக்கக் கூடாது என்றாள். அத்தோடு, "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்பா. எங்கேயோ கிடக்கற புழுவைக் கொண்டுவந்து கொட்டித் தன்னை மாதிரியே பண்ணிடுமாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாப்பிடும்போது மதுவந்தி கேட்டாள். "ஏன்னா, நிஜமாவே புழு குளவியாகுமா?"

"அது வேதாந்தத்துக்குச் சொன்ன உதாரணம்."

"சரி. அப்போ கூட்டுக்குள்ள என்னதான் இருக்கும்?"

"புழுவாத்தான் இருக்கும்" என்றார் சங்கரன். அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் அவருக்கு ஏற்பட்டிருக்கவில்லை.

மறுநாள் அவள் தோசைத் திருப்பியால் ஒரு கூட்டை மெல்லப் பெயர்த்தாள். உள்ளே புழு இல்லை. பதினான்கு சிலந்திகள். செத்தவை இல்லை, தொட்டால் கால் லேசாக நடுங்கியது, நகரத்தான் முடியவில்லை. ஒரு சிலந்தியின் வயிற்றில் அரிசிநுனி போல ஒரு முட்டை ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு குங்கும டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். விசேஷங்களில் தாம்பூலத்தோடு தருவார்களே, அந்தக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் டப்பா. முட்டை புழுவாகிச் சிலந்திகளை ஒவ்வொன்றாகத் தின்று, கூட்டுப்புழுவாகி, மூன்று வாரத்தில் ஒரு புதுக் குளவி டப்பாவைச் சுரண்டியது. பதிவேட்டில் முதல் வரி எழுதினாள்: கூடு எண் 1. தேதி. இடம். சிலந்தி 14.

"பதினாலா! எண்ணினியா?" என்று சங்கரன் வாய்விட்டுச் சிரித்தார். அப்போது அவருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம், அவளுக்கு ஒரு பொழுது கிடைத்ததே என்றிருந்தது.

பொழுதுபோக்கு அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து மோருக்காகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், தயிருக்குப் பக்கத்தில் கவிழ்த்த கண்ணாடி டம்ளருக்குள் ஒரு குளவி.

"மது! என்ன கண்றாவி இது?"

"பத்தே நிமிஷம்னா. குளிர்ந்தா அசையாது. முதுகுல புள்ளி வச்சுட்டு விட்டுடுவேன்."

ஈர்க்குச்சி நுனியில் நகப்பூச்சைத் தொட்டு, குளவியின் முதுகில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். அது வெயிலில் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து பறந்தது. இன்னொன்றுக்கு வெள்ளை. மற்றொன்றுக்கு நீலம். எந்தக் கூட்டை எந்தக் குளவி கட்டுகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரே பால்கனி, ஒரே வேப்பமரம், ஒரே தோட்டம். ஆனால் சிவப்பு கொண்டுவருவதெல்லாம் வலை பின்னும் சிலந்தி. வெள்ளையோ குதிக்கும் சிலந்தியை மட்டுமே பிடிக்கிறது. ஆளுக்கு ஒரு ருசி இருப்பது போல.

"இது எப்படின்னா? அம்மாகிட்டேருந்து வருமா? அம்மாவைத்தான் இது பார்த்ததே இல்லையே!" என்று அவள் கேட்டபோது கண்கள் பளபளத்தன. சங்கரனுக்கு அந்தக் கண்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்தார். வயிற்றில் ஏதோ புளித்தது. ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைக் குறைத்துக்கொண்டார். வயிற்றெரிச்சல் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் உண்டென்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

மதுவந்தி எடுத்த படங்களைப் பூச்சி ஆர்வலர்களின் இணையதளம் ஒன்றில் போட்டுவந்தாள். பெங்களூரில் குளவிகளை ஆராயும் ஸஹானா என்ற பெண் அவற்றைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினாள். பிறகு தொலைபேசியில் பேசினாள். பிறகு ஒரு நாள் நேரிலேயே வந்தாள்.

அன்று சங்கரன் விடுப்புப் போட்டார். இஸ்திரி போட்ட பேண்ட், சட்டை. ஹால் அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் தன் ஆய்வேட்டின் கறுப்பு அட்டை தெரிகிறபடி முன்னால் இருந்த கொலுப் பொம்மையை நகர்த்தி வைத்தார். தன் ஆய்வுப் பொருளான தாமிர உப்புகளின் நிறத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சியாளரிடம் பேசிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

ஸஹானாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காபியை இரண்டு மடக்கில் குடித்தாள். "சார், நீங்களும் பூச்சி பார்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நான் கெமிஸ்ட். தொண்ணூத்தஞ்சுல பிஎச்டி முடிச்சேன்."

"ஓ, சூப்பர் சார்" என்று சொன்னவள், "மேடம், பால்கனி எந்தப் பக்கம்?" என்று எழுந்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் அந்த இரண்டு பெண்களும் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் மடங்காத மதுவந்தி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சங்கரன் ஹாலில் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பேச்சு வரும், நிற்கும், திடீரென்று இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஏதோ ஒன்று அவர்கள் நினைத்தபடி இல்லாமல் போய்விட்டதற்கான சிரிப்பு. அந்தச் சிரிப்பைச் சங்கரனுக்கு அடையாளம் தெரிந்தது. படித்த காலத்தில் ஆய்வகத்தில் மற்றவர்கள் அப்படிச் சிரித்து அவர் கேட்டிருக்கிறார்.

புறப்படும்போது ஸஹானா வாசலில் நின்று சொன்னாள்: "மேடம், இதை எழுதுங்க. மார்ச்ல ஒரு சிறப்பிதழுக்குக் கட்டுரை வாங்கறாங்க. உங்க பேர்லயே எழுதுங்க."

அதற்குப் பிறகு வீட்டின் காற்றே மாறிவிட்டது. மொட்டை மாடியில் நடக்கப் போனால், "மாமி புதுசா என்ன கண்டுபிடிச்சா?" என்று சங்கரனைக் கேட்டார்கள். ஹம்சினி போன் பண்ணினால் அப்பாவிடம் ரத்த அழுத்தத்தை விசாரித்துவிட்டு, அம்மாவிடம் முக்கால் மணி நேரம் குளவி பேசினாள். மாமனார் வீட்டு விசேஷம் ஒன்றுக்குத் தி.நகர் போயிருந்தபோது, மச்சினன் வெங்கடரமணன் கூட்டத்தின் நடுவில், "இந்த ஆத்துல இப்போ ரெண்டு சயின்டிஸ்ட்!" என்று கையைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சங்கரனுக்குக் காது மடல் சுட்டது. எதை வைத்து இரண்டு? ஒன்று, பல்கலைக்கழகம் முத்திரை குத்திக் கொடுத்தது. மற்றது தோசைத் திருப்பியில் தொடங்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதா? பாயச டம்ளரை வாயில் வைக்காமலேயே கீழே வைத்தார்.

ஜனவரியில் மதுவந்தி கட்டுரையை எழுதி முடித்தாள். பதினோரு பக்கம். "என் இங்கிலீஷ் நன்னா இருக்காது. நீங்க ஒரு தடவை பார்த்துக் கொடுங்கோ" என்று அவர் கையில் கொடுத்தாள்.

அதை அவர் ஒரே சாயங்காலத்தில் படித்துவிட்டார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தார். முதல் இரண்டு பக்கத்தில் பென்சிலால் திருத்தினார். மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. நாற்பத்தாறு கூடுகள், நான்கு வருஷம். எந்தக் கூட்டை எப்போது உடைத்தாள், என்ன எண்ணினாள், எதில் அவளுக்குச் சந்தேகம், எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு பத்தி: முப்பத்தொன்றாம் கூட்டைக் கட்டியது சிவப்பு. அடியில் இருந்த மூன்று அறைகளிலும் வலை பின்னும் சிலந்திகள். மேலே இருந்த இரண்டு அறைகளில் எல்லாமே குதிக்கும் சிலந்திகள். இது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கரன் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்த கறுப்பு அட்டையைப் பார்த்தார்.

அவருடைய ஆய்வேட்டில், சூடு ஏற ஏறத் தாமிர உப்பின் நிறம் மாறுவதைக் காட்டும் ஒரு வரைபடம் உண்டு. பதினாறு புள்ளிகள் கோடு போட்ட மாதிரி நேராக ஏறும். உண்மையில் பதினெட்டு புள்ளிகள். இரண்டு மட்டும் கோட்டிலிருந்து தள்ளி விழுந்தன. "மிஷின் கோளாறா இருக்கும், விட்டுடு" என்றார் ஆய்வு வழிகாட்டி. மிஷினில் கோளாறா என்று சங்கரன் போய்ப் பார்க்கவில்லை. விட்டுவிட்டார். பட்டம் வந்தது, கல்யாணம் வந்தது, பேர் வந்தது. முப்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை.

இவள் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாள். கட்டுரையில், அச்சாகப் போகிற இடத்தில்.

கட்டுரையை மேஜை இழுப்பறையில் வைத்தார். மதுவந்தி கேட்டபோதெல்லாம், "பார்த்துண்டிருக்கேன்" என்றார். பிப்ரவரி போனது. மார்ச் மூன்றாம் வாரம் ஸஹானா அவளை அழைத்து, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொன்னாள். மதுவந்தி நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கட்டுரை முடிஞ்சுடுத்தான்னா?"

"இன்னும் புள்ளிவிவரக் கணக்கெல்லாம் போடணும். அவசரப்பட்டா பேர் கெட்டுடும்."

"யார் பேர்?"

"அந்த முப்பத்தொண்ணை எடுத்துடு. அது இருந்தா நீ சொல்றதெல்லாம் ஆட்டம் கண்டுடும். நாப்பத்தஞ்சு கூடு போறாதா?" என்றார்.

மதுவந்தி அவரைப் பார்த்தாள். கோபமில்லை. புரியாத பாஷையில் யாரோ பேசினால் பார்ப்போமே, அப்படி.

"அது நடந்துதேன்னா. எப்படி எடுக்கறது?"

இழுப்பறையைத் தானே திறந்து காகிதங்களை எடுத்துப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு பென்சில் கோடு இல்லை. திரும்ப ஒரு முறை முதலிலிருந்து புரட்டினாள்.

"ரெண்டு மாசம்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் சங்கரனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவரும் சத்தம் போட்டிருக்கலாம். அவள் தன் இங்கிலீஷிலேயே வியாழக்கிழமை அனுப்பிவிட்டாள். ஒரு வாரம் அந்த வீட்டில் சாப்பாடு மேஜையில் இருக்கும், கூப்பிடும் குரல் இருக்காது.

ஸஹானா இரண்டே நாளில் மொழியைச் சரிசெய்துவிட்டாளாம். ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. மதுவந்தி சங்கரன், தனி ஆய்வாளர், சென்னை. கடைசியில் சின்ன எழுத்தில் நன்றி: முதல் இரண்டு பக்கங்களைத் திருத்தித் தந்த கணவர் டாக்டர் சங்கரனுக்கு. அவள் குத்திக் காட்ட அப்படி எழுதவில்லை, உள்ளதை எழுதியிருக்கிறாள் என்று சங்கரனுக்குத் தெரியும். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

அக்டோபரில் முழங்காலுக்காக அடையாறில் ஒரு டாக்டரிடம் போனார்கள். முன்மேஜையில் இருந்த பெண் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டாள். "பேஷன்ட் பேரு? வயசு? என்ன வேலை பார்க்கறீங்க?"

சங்கரன் பழக்கத்தில், "ஹவுஸ் ஒய்ப்" என்று சொல்ல வாயெடுத்தார்.

"விஞ்ஞானின்னு போடும்மா" என்றாள் மதுவந்தி.

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டினாள். "பீபி, ஷுகர் எதுனா இருக்கா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். உலகம் அப்படியேதான் இருந்தது. சங்கரனுக்கு மட்டும் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

திரும்பும்போது ஆட்டோ பாலத்தின் மேல் நெரிசலில் நின்றது. கீழே ஆறு அசையாமல் கிடந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, "மெட்ரோ வேலை சார், இன்னா பண்றது, நேரமாவும்" என்று திரும்பிச் சொன்னார்.

"எப்போலேருந்து?" என்றார் சங்கரன்.

"எது?"

"எப்போலேருந்து உன்னை நீ விஞ்ஞானின்னு நினைச்சுக்கறே? கட்டுரை வந்ததுலேருந்தா?" கேலியாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் கேலியாக வரவில்லை.

மதுவந்தி யோசித்தாள். அவள் எதையும் யோசித்துத்தான் சொல்வாள், அதுவும் அவருக்கு எரிச்சல்.

"கட்டுரை வந்தபோது சந்தோஷமா இருந்தது. ஆனா அப்போ இல்லை. முப்பத்தொண்ணை உடைச்ச அன்னிக்குத்தான். அதுவரைக்கும் ஒவ்வொரு கூட்டை உடைக்கும்போதும், நான் நினைச்சபடியே இருக்கணுமேன்னு பெருமாளை வேண்டிண்டுதான் உடைப்பேன். அன்னிக்கு மேல் அறையில வேற சிலந்தி. போச்சு, மூணு வருஷம் வீண்னு அழுகை வரும்னு பார்த்தேன். வரலை. ஐயோ, இது ஏன் இப்படின்னு ஒரே ஆசையா இருந்தது. அடுப்புல சாம்பார் அடிப்பிடிச்சதுகூடத் தெரியலை." சிரித்தாள். "எனக்கு யாரும் சொல்லலை. எனக்கே தோணித்து." பிறகு அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்போ தோணித்து?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஒரு விஞ்ஞானி இன்னொரு விஞ்ஞானியைக் கேட்கிற மாதிரி. பட்டம் வாங்கிய நாள் என்று சொல்லலாம். கல்யாணப் பந்தி என்றும் சொல்லலாம். இரண்டும் மற்றவர்கள் சொன்னது. தனக்காகத் தோன்றிய நாள் என்று தேடினால் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பதினெட்டு புள்ளி இருந்தது மது" என்றார்.

சொல்லிவிட்டார். வழிகாட்டி, மிஷின், தான் போய்ப் பார்க்காதது, அவளுடைய கட்டுரையை இழுப்பறையில் வைத்தது, ஏன் வைத்தேன் என்பது, ஸஹானா வந்த அன்று ஹாலில் உட்கார்ந்திருந்தது. "உன்னைப் பார்த்தா வயிறு எரியறது. ரெண்டு வருஷத்துக்கும் மேலா எரியறது" என்றார். முன்னாலிருந்த ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வண்டிகள் மெல்ல நகர ஆரம்பித்தன.

"கட்டுரையை வச்சுண்டது தப்பு. அதை நான் மறக்க நாளாகும்" என்றாள். பிறகு, பாலம் இறங்கும்போது, "அந்த ரெண்டு புள்ளியும் ஏன் அப்படி விழுந்தது?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"எந்தச் சூட்டுல?"

"ஞாபகம் இல்லை மது. விடு."

"நோட்டு இருக்கா?"

"விடுன்னேனே!" என்று அதட்டினார். அவள் விட்டுவிட்டாள். ஆனால் அவள் கேட்டது குற்றத்தைப் பற்றி இல்லை, அந்த இரண்டு புள்ளியைப் பற்றித்தான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இத்தனையையும் கேட்ட பிறகு அவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

டிசம்பரில் ஸஹானா அவளைப் பெங்களூருக்கு அழைத்தாள். ஐந்து நாள். மாணவர்களுக்குக் கூட்டைப் பிரித்துக் காட்ட வேண்டுமாம். கிளம்புகிற அன்று மதுவந்தி பதிவேட்டை, ஓய்வு பெற்று வீட்டிலிருந்த சங்கரன் முன் வைத்தாள். மழை விட்டு வெயில் வந்திருந்தது, ஜன்னல் மேலே புதுசாக ஒரு கூடு ஏறிக்கொண்டிருந்தது.

"காலையில எட்டு மணிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு. அரை மணி நேரம் உக்காந்து பாருங்கோ. எத்தனை தடவை வந்தது, மண்ணா சிலந்தியான்னு எழுதினா போதும். முடியுமோன்னோ?"

"இதுக்கு என்ன பிஎச்டி வேணுமா?" என்றார். அவள் சிரிக்கவில்லை.

முதல் நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டது. இருபதாவது நிமிஷம் குளவி தன் உடம்பளவு இருந்த ஒரு பச்சைச் சிலந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தது. கூட்டுக்குள் அதைத் திணிக்க அது பட்ட பாட்டைப் பார்த்து அவர் தன்னையறியாமல், "தலையை முதல்ல விடு, தலையை" என்றார். இரண்டாம் நாளும் எழுதினார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் கண் விழித்தபோது மணி ஐந்தேகால்.

பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் நான்கு மணிக்கு மூன்று தடவை வந்தது. இரண்டாம் நாளும் மூன்று. இன்றைக்கும் மூன்று என்று போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மூன்றாகத்தான் இருந்திருக்கும். பேனாவைத் திறந்தார். பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவருக்கு வியர்த்தது. ஒரு அற்பக் குளவி, ஒரு கட்டம். இதற்குப் போய் வியர்க்கிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

'பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன்' என்று எழுதினார். எழுத்து அவருடைய பழைய எழுத்தாக, முழுசாக இருந்தது.

மதுவந்தி ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். பையை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கி, மூன்றாம் நாளில் நின்றது, பிறகு கீழே இறங்கியது.

"காபி போடட்டுமா?" என்றார் சங்கரன்.

"போடுங்கோ. ஸஹானா உங்களை விசாரிச்சா."

காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் பெங்களூரைச் சொன்னாள். பெரிய நுண்ணோக்கி. இருபது மாணவர்கள். கூட்டைப் பிரித்தபோது சிலந்திக்குப் பதில் பச்சையாக மின்னும் வேறொரு பூச்சி வெளியே வந்து எல்லோரும் கத்தியது. சொல்லும்போது அவள் கண்கள் பளபளத்தன. சங்கரனுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, "அந்தப் பச்சைப் பூச்சி எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டார்.